ஐந்து பெட்டிகள், நான்கு காதுகள்

சலூன்காரருக்கு ஆட்களை முகத்தைக் கொண்டு அடையாளம் தெரியாது. தெருவில் யாராவது கையசைத்தால் பொதுவாகச் சிரித்து வைப்பார். ஆள் கடந்து போனதும் திரும்பி நின்று பின்னந்தலையையும் காதுகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான், "அட, நம்ம தபால்காரர்!" என்பார். முப்பத்தோரு வருடம் நாற்காலிக்குப் பின்னால் நின்றவருக்கு உலகம் அந்தப் பக்கமாகத்தான் பழக்கம். முகம் என்பது கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரிகிற ஒரு சமாச்சாரம், அவ்வளவுதான்.

காதைப் பற்றி மட்டும் அவரிடம் வாய் கொடுக்கக் கூடாது. ஒட்டின காது, விரிந்த காது, மேல் மடிப்பு இல்லாத காது, தோடு இல்லாமலே தொங்குகிற காது என்று ஆரம்பித்தால் பவுடர் போட்டுத் துணியை உதறும்வரை நிறுத்த மாட்டார். "ஒரே ஆளோட ரெண்டு காதே ஒத்துப் போகாதுங்க. இதுல எல்லார் காதும் ஒண்ணுதான்னு எவன் சொல்றான்?" என்று யாருமே சொல்லாத ஒன்றை ஆவேசமாக மறுப்பார். முக்கால்வாசிப் பேருக்கு ஒரு காது கொஞ்சம் இறங்கியிருக்கும். அதைப் பார்த்துக் கிருதாவை ஏற்றியோ இறக்கியோ வெட்டுவார். அளந்து பார்த்தால் கோணல். ஆள் எழுந்து நின்றால் நேர்.

இவ்வளவு தெரிந்த மனிதர்தான் சொந்த மனைவியின் விஷயத்தில் கோட்டை விட்டார்.

சலூன் நீளமான அறை. ஒரு கோடியில் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு எதிரே நட்டநடுவில் முதல் நாற்காலி; பிற்பாடு வாங்கிய இரண்டாவது நாற்காலி இடதுபுறச் சுவரை ஒட்டி. மறு கோடியில் காத்திருப்பவர்களுக்கான நீண்ட பெஞ்சு. கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு ஸ்பீக்கர் பெட்டி, நடுவில் கண்ணாடிக்கு மேலே ஒன்று, பெஞ்சுக்கு மேலே இரண்டு மூலைகளிலும் இரண்டு. மொத்தம் ஐந்து. ஊரைவிட்டுப் போன வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து வாங்கியவை. எந்தப் பெட்டியை எந்தக் கோணத்தில் மாட்ட வேண்டும் என்று கூடவே வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. அவருக்குக் கோணம் பிடிபடாது, நாற்காலி பிடிபடும். முதல் நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, கால்மிதி போய் நின்ற இடங்களில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். அந்தக் கோடு நேராகப் போய்ச் சுவரில் முட்டிய இடத்தில் ஆணி அடித்தார்.

சாதாரணப் பாட்டு எதிரே வந்து நின்று பாடும். ஐந்து பெட்டிகளுக்கென்று பதிவு செய்த பாட்டோ ஆளை நடுவில் உட்காரவைத்துவிட்டு அவரைச் சுற்றி உட்காரும். அவரிடம் அப்படிப்பட்ட இசைத்தட்டுகள் நாற்பது சொச்சம் இருந்தன. அதில் ஒன்று அவருக்கு உயிர். வயலின்கள் கண்ணாடிக்குள்ளிருந்து வரும். வலது பின் மூலையிலிருந்து ஒரு குழல் அவற்றுக்குப் பதில் சொல்லும். முடிந்ததும் பெஞ்சிலிருந்து கைதட்டல் எழும். பெஞ்சில் ஈ காக்கை இருக்காது.

வேலை நாட்களில் ரேடியோதான், அதுவும் முணுமுணுப்பாக. பெட்டிகளுக்கான நாள் புதன்கிழமை. அன்று கடைக்கு விடுமுறை. அவர் மனைவிக்கும் அன்றுதான் வார ஓய்வு. அவள் பஸ் கண்டக்டர். தெருவில் எல்லோருக்கும் கண்டக்டரம்மா. கோபம் வந்தால் அவருக்கும். மற்ற ஆறு நாளும் நின்றுகொண்டும் கத்திக்கொண்டும் இருப்பவள் புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஷட்டரை உள்பக்கமாக இறக்கிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரோர நாற்காலியில் சாய்ந்துகொள்வாள். அவர் முதல் நாற்காலியில். உப்புப் பெறாத விஷயத்துக்கெல்லாம் வாதாடுகிற இருவரும் அந்த ஒன்றரை மணி நேரம் வாயைத் திறக்க மாட்டார்கள். பதினாறு வருடமாக இதுதான் நடைமுறை. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் புதன்கிழமை காலையில் போன் செய்வதில்லை. செய்தால் யாரும் எடுக்க மாட்டார்கள்.

மாடியில் ஒரு பெண் காது பரிசோதனை நிலையம் வைத்திருந்தாள். முப்பது வயதிருக்கும். "நான் டாக்டர் இல்லைண்ணா, கேட்கும் திறனை மட்டும் சோதிக்கிறவ" என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு அவள் டாக்டரம்மாதான். அவளிடம் வருகிறவர்கள் எல்லாம் வயதானவர்கள். பாதிப் பேர் படியைப் பார்த்தே திரும்பிப் போனார்கள். கட்டடத்தின் சொந்தக்காரர் சலூன்காரரிடம் வந்து, பின்பாதியைத் தடுத்து அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். சலூன்காரர் பெஞ்சைப் பார்த்தார். இப்போதெல்லாம் யாரும் வந்து காத்திருப்பதில்லை. போனில் நேரம் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். "தாராளமா எடுத்துக்கச் சொல்லுங்க" என்றார்.

வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் உறைத்தது. குழல் வாசிக்கிற மூலை சுவருக்கு அந்தப் பக்கம் போகிறது. போதாததற்கு, காது சோதிக்கிற இடத்தின் பக்கத்தில் இனி எந்தப் பெட்டியும் பாட முடியாது. வார்த்தை கொடுத்தாகிவிட்டது. மூன்று வாரத்தில் ஒரு வியாழக்கிழமை கொத்தனார் வருவதாக ஏற்பாடு.

மனைவியிடம் சொன்னார். அவள் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"அப்ப புதன்கிழமை?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் மறுநாளே மாடிப்படி ஏறினார்.

"ஹெட்போன்ல கேளுங்களேன் அண்ணா" என்றாள் டாக்டரம்மா.

"அது மண்டைக்குள்ள கூட்டம் போட்ட மாதிரி இருக்கும்மா. பாட்டு வெளிய இருக்கணும். நான் அதுக்கு உள்ள இருக்கணும்."

"உங்களுக்கு எத்தனை காது?"

"ரெண்டு."

"அஞ்சு பெட்டி பாடினாலும் அந்த ரெண்டு ஓட்டை வழியாத்தானே உள்ள போகுது? வலது பெட்டி சத்தம் வலது காதுக்கு முதல்ல வரும். இடது காதுக்குத் தலையைச் சுத்திக்கிட்டுக் கொஞ்சம் தாமதமா வரும். மடல்ல பட்டு மாறும். கண்ணாடியில மோதித் திரும்பி வரும். இதையெல்லாம் காது வாசல்ல வெச்சு அளந்துட்டா, அதே கணக்குல ஹெட்போனுக்குள்ள குடுத்துடலாம். உங்க மூளைக்கு வித்தியாசம் தெரியாது."

"அப்படிப்பட்ட ஹெட்போன் எல்லாம் எங்க கிடைக்குது?"

"உங்ககிட்ட இருக்கிற சாதா ஹெட்போனே போதும். விஷயம் அளவுலதான் இருக்கு."

தன்னால்தான் அறை போகிறது என்ற சங்கடம் அவளுக்கு இருந்திருக்க வேண்டும். கொத்தனார் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மடிக்கணினியோடு இறங்கி வந்தாள். காதுக்கருவி பொருத்தும்போது பயன்படுத்துகிற, நூல் மாதிரிக் குழாய் வைத்த குட்டி மைக் இரண்டை அவர் காதுகளில் நுழைத்தாள். முதல் நாற்காலியில் உட்காரவைத்து, "தலையை ஆட்டாதீங்க" என்றாள். முப்பத்தோரு வருடமாகத் தான் மட்டுமே சொல்லிவந்த வாக்கியத்தை அவர் அன்றைக்குத்தான் அடுத்தவர் வாயால் கேட்டார்.

ஒவ்வொரு பெட்டியாக அடித்தொண்டையில் முனகலாக ஆரம்பித்து, ஏறி ஏறி, கொதிக்கிற கெட்டில் மாதிரி வீலென்று முடிந்தது. ஐந்து பெட்டிக்கும் ஐந்து முறை. மடிக்கணினி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு அவர் தன் பழைய ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

வயலின்கள் கண்ணாடிக்குள்ளிருந்து வந்தன. குழல் மூலையிலிருந்து பதில் சொன்னது. "பெட்டியை நிறுத்துங்கம்மா, ரெண்டும் கலந்து கேக்குது" என்றார். டாக்டரம்மா சிரித்தாள். அவர் ஹெட்போனைக் கழற்றினார். அறை கம்மென்று இருந்தது. மாட்டினார், எல்லோரும் திரும்ப வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். இப்படி ஆறு முறை. எழுந்து நடந்து பார்த்தபோது ஐந்து பெட்டிகளும் கூடவே நடந்து வந்தன. அது ஒன்றுதான் குறை. உட்கார்ந்தே இருந்தால் அந்தக் குறையும் இல்லை.

சாயங்காலம் டூட்டி முடிந்து சலூனுக்கு வந்த மனைவியை அலுப்புத் தீர உட்காரக்கூட விடவில்லை. ஹெட்போனை அவள் தலையில் மாட்டிவிட்டு, தன் கையால் கட்டின வீட்டைக் காட்டுகிறவர் மாதிரி நின்றார்.

கண்டக்டரம்மா கேட்டாள். திரும்பிப் பார்த்தாள். மறுபடி கேட்டாள். மறுபடி திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாரும் பின்னால நிக்கிறாங்க" என்றாள்.

"குழல்தான் பின்னால."

"குழல், வயலின், எல்லாமே பின்னால. திரும்பினா கூடவே திரும்பறாங்க. டிக்கெட் எடுக்காத ஆளுங்க மாதிரி என் முதுகுப் பக்கமே நிக்கிறாங்க. எனக்கு வேணாம்."

"நல்லாக் கேளு. முன்னால இருக்கும்."

"இல்லைங்கறேன்."

"எனக்கு அச்சு அசல் கேக்குதே! அப்ப உன் காதுலதான் கோளாறு. டாக்டரம்மா சும்மாவே பார்ப்பாங்க, ஒரு நடை போய்க் காட்டிட்டு வா."

சொல்லி முடிக்கும் முன்பே, சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வெட்டின முடியை ஒட்டவைக்க முடியுமா?

அவள் ஹெட்போனை மெதுவாகக் கழற்றி மேஜையில் வைத்தாள். "இருபத்தாறு வருஷமா இந்தக் காதை வெச்சுக்கிட்டுத்தான் உங்க பேச்சை எல்லாம் கேட்டிருக்கேன். அப்பவே கோளாறா இருந்திருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்."

அதற்குப் பிறகு வீட்டில் டிக்கெட் கொடுக்கிற அளவுக்குத்தான் பேச்சு. "சாப்பாடா?" "போதுமா?" "தள்ளுங்க." வார ஓய்வை இன்னொரு கண்டக்டருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டாள். கடைசிப் புதன்கிழமை அவளுக்கு டூட்டி.

திங்கட்கிழமை காலை ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா எட்டிப் பார்த்தாள்.

"அக்கா என்ன சொன்னாங்க அண்ணா?"

"அவளுக்கு எல்லாம் பின்னால கேக்குதாம். காதைக் கொஞ்சம் பாருங்கம்மா."

"அக்காவுக்கு அளவு எடுக்கவே இல்லையே! உங்க அளவை மாட்டிவிட்டீங்களா?" அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உங்க காதைக் கழட்டி அவங்களுக்கு ஒட்டவெச்சா எப்படிண்ணா? அவங்க தலை சின்னது, மடல் வேற மாதிரி. அது அவங்க மூளைக்குத் தப்பான கணக்கு. முன்னால இருக்கிறது பின்னாலதான் போகும். நிறைய பேருக்கு அப்படித்தான் ஆகும்."

சலூன்காரர் முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியில் போர்த்தின துணிக்குள்ளிருந்து வாடிக்கையாளர் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார்.

"அண்ணே, ஒரே ஆளோட ரெண்டு காதே ஒத்துப் போகாதுன்னு இப்பத்தானே சொல்லிக்கிட்டு இருந்தீங்க?"

"தலையை ஆட்டாதீங்க" என்றார் சலூன்காரர்.

ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி தான் போய்ப் பானையில் விழுந்த கதை. விழுந்ததோடு போகாமல், பானை மேல் குற்றம் வேறு சொல்லியாகிவிட்டது. அளவெடுக்க வேண்டுமானால் அறை முழுசாக இருக்க வேண்டும், பெட்டிகள் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். வியாழக்கிழமை சுவர். புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு எலக்ட்ரீஷியன் பெட்டிகளைக் கழற்ற வருகிறார். செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது அவர் தொண்டையைக் கனைத்தார்.

"உன் காதையும் அளக்கணுமாம்."

"எதுக்கு? கோளாறு எத்தனை இஞ்சுன்னு பார்க்கவா?"

அதோடு சரி.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவர் பெட்டிகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்தார். தட்டைப் போட்டார். எல்லாம் இருந்தது. சுவரோர நாற்காலியைப் பார்த்தார். நிறுத்தினார். சட்டையை மாற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய், அவள் வண்டி எது என்று பார்த்து ஏறினார்.

"எங்க போகணும்?" என்றாள் கண்டக்டரம்மா, முகத்தைப் பார்க்காமல்.

"கடைசி வரைக்கும்."

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் நகர்ந்தாள். அவர் பின்னாலேயே போனார்.

"தப்பு என்னுதுதான்" என்றார் அவள் முதுகைப் பார்த்து.

அவள் திரும்பவில்லை. ஜன்னலோரத்தில் பையை மடியில் வைத்திருந்த பெண் நிமிர்ந்தாள். "யாரும்மா இவரு? தொந்தரவு பண்றாரா?"

"வீட்டுக்காரர்தான். அதான் தொந்தரவு."

"என்ன பண்ணாரு?"

"என் காது கோளாறுன்னாரு."

பஸ்ஸில் பாதிப் பேர் அவளுடைய காதைப் பார்த்தார்கள். "நல்ல காதுதானே!" என்றார் கைத்தடி வைத்திருந்த ஒரு பெரியவர். "நான் வாய்க்குள்ள முணுமுணுத்தாக்கூடச் சரியான ஸ்டாப்புக்கு டிக்கெட் குடுக்கிற பொண்ணாச்சே. ஏன்யா, பார்த்தா விவரமான ஆளா இருக்கீங்க."

"இல்லைங்க, அவ்வளவு விவரம் பத்தலை" என்றார் சலூன்காரர். பிறகு குரலைத் தாழ்த்தாமல், எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்: "கோளாறு காதுல இல்ல. என் காதோட அளவை எடுத்து உனக்கு மாட்டிவிட்டேன். ஊர்ல இருக்கிற காதை எல்லாம் பார்த்தவன், உன் காதைப் பார்க்கலை. நாளைக்குக் கொத்தனார் வந்துடுவார். இன்னிக்கு விட்டா அந்த ரூம் எனக்கு மட்டும்தான் மிச்சம். எனக்கு மட்டும் வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

வண்டி ஒரு நிறுத்தத்தில் நின்றது. ஏறுகிறவர்கள் ஏறினார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "அக்கா, தீர்ப்பைச் சொல்லிட்டீங்கன்னா வண்டியை எடுத்துடுவேன்" என்றார்.

கண்டக்டரம்மா திரும்பினாள். "ரெண்டரைக்கு டூட்டி முடியுது" என்றாள். "கடைசி ஸ்டாப்புல இறங்கிடுங்க. அங்கேயே நின்னுக்கிட்டு இருந்தா திரும்பி வர்றதுக்கு இன்னொரு டிக்கெட் எடுக்கணும்."

மூன்று மணிக்கு யூனிபாரத்தோடு வந்தாள். டாக்டரம்மா மடிக்கணினியோடு தயாராக இருந்தாள். சலூன்காரர் முதல் நாற்காலியைத் துண்டால் தட்டி, "இங்க உட்காரு" என்றார். அவள் நேராகப் போய்ச் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அது வேணாம். ஓரம்."

"என் இடம் இதுதானே?"

"நடுவுலதான் எல்லாம் சரியாக் கேக்கும். அதுக்காகத்தானே சாக்பீஸ் எல்லாம் போட்டு அளந்து மாட்டினேன்."

"அப்படியா?" கண்டக்டரம்மா செருப்பைக் கழற்றிக் கால்மிதியில் காலை வைத்தாள். "பதினாறு வருஷமா அந்த நடுவுல யாரு உட்கார்ந்தா?"

டாக்டரம்மா மடிக்கணினித் திரையில் எதையோ மிகக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

சலூன்காரர் யோசித்துப் பார்த்தார். முதல் புதன்கிழமை பெட்டிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க நடுவில் உட்கார்ந்தவர், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. ஒருவர் நடுவில் என்றால் மற்றவர் ஓரம் என்ற கணக்கு அவருக்குத் தோன்றியதே கிடையாது.

"உனக்கு அங்கிருந்து என்னதான் கேட்டுச்சு?" என்றார். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"இடது பெட்டிதான் முக்கால்வாசி. காதுகிட்டயே இருக்கே. அந்தப் பெரிய வயலின் இருக்கில்ல, உட்கார்ந்து வாசிக்கிறது, அந்த ஆள் மூச்சு விடறதுகூடக் கேக்கும். ஒரு இடத்துல கஷ்டப்பட்டு இழுத்து மூச்சு விடுவாரு. குழல் எங்கேயோ கேக்கும், அடுத்த தெருவுல யாரோ பழகற மாதிரி."

"மூச்சா?" அந்தத் தட்டை நானூறு முறையாவது கேட்டிருப்பார். அதில் மூச்சு விடுகிற மனிதர் ஒருவர் இருக்கிறார் என்பது அவருக்குப் புதுச் செய்தி.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஒரு தடவை நடுவில் உட்கார்ந்து பார் என்று கெஞ்சினார். போனால் போகிறதென்று உட்கார்ந்தாள். இரண்டு நிமிடம் பெட்டிகளில் கேட்டாள்.

"எல்லாம் கேக்குது" என்றாள். "ரொம்ப ஒழுங்கா இருக்கு. எங்க டிப்போ மேனேஜர் மேஜை மாதிரி." எழுந்து தன் இடத்துக்கே திரும்பினாள். "எனக்கு என்னோட இடத்தையே அளந்து குடுங்க."

நான்கு மணி ஆகிவிட்டது. டாக்டரம்மா மைக்குகளைப் பொருத்தினாள். முதல் பெட்டி முனக ஆரம்பித்தது.

"இது பஸ் ஸ்டார்ட் ஆகாம இழுக்கிற மாதிரியே இருக்கு" என்றாள் கண்டக்டரம்மா.

"பேசக் கூடாதுக்கா. மறுபடி எடுக்கணும்."

இரண்டாம் முறை மூக்கு அரித்தது. மூன்றாம் முறை, "முடிஞ்சுதா?" சலூன்காரர் பழக்க தோஷத்தில் பின்னால் வந்து, துள்ளுகிற குழந்தைகளைப் பிடிப்பதுபோல் நான்கு விரலால் தலையைப் பிடித்தார்.

"கையை எடுங்கண்ணா, உங்க கையும் அளவுல வந்துடும். தள்ளி நிக்கிறதுன்னாகூட வெளியிலதான் நிக்கணும். அறையில இருக்கிற எல்லாமே அளவுக்குள்ள வந்துடும், ஆள் உட்பட."

அவர் வாசலுக்கு நகர்ந்தார்.

"அவரு எங்க போறாரு?" என்றாள் கண்டக்டரம்மா. "அவரு உட்காரட்டும். முதல் நாற்காலியில."

"அளவு சுத்தமா இருக்காதுக்கா. அந்தப் பக்கத்துச் சத்தமெல்லாம் அவர் மேல பட்டுத்தான் உங்களுக்கு வரும்."

"எப்பவும் அப்படித்தானே வந்துச்சு? ஆளில்லாத ரூம்ல நான் ஒரு நாளும் பாட்டு கேட்டதில்ல."

டாக்டரம்மா அவரைப் பார்த்தாள். அவர் போய் முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அறை நிசப்தமானது. இந்த முறை கண்டக்டரம்மா இமைகூட அசைக்கவில்லை. ஐந்து பெட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி, வீலிட்டு, அடங்கின.

அவருக்கு அப்போது தன் அளவு ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. அன்று சுவரோர நாற்காலியில் யாரும் இல்லை.

மணி நாலே முக்கால். வாசலில் எலக்ட்ரீஷியன் ஏணியைச் சாய்த்து வைக்கிற சத்தம் கேட்டது.

"எனக்கும் இன்னொரு தடவை எடுத்துடுங்கம்மா" என்றார்.

"உங்களுது நல்லாத்தானே வந்திருக்கு?"

"இல்ல. அதுல ஒரு ஆள் குறையுது."

எலக்ட்ரீஷியன் வெளியே படியில் கால்மணி நேரம் உட்காரவைக்கப்பட்டார். உள்ளே ஆள் மாற்றி ஆள் ஊளையிடுவது எதற்கென்று கடைசிவரை அவருக்குப் புரியவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை. சலூன் பாதியாகியிருந்தது. புதுச் சுவரில் பூச்சு இன்னும் முழுசாக உலரவில்லை. முதல் நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் ஆறடியில் சுவர். அதற்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா காலையிலிருந்தே வேலையில் இருந்தாள். சலூன்காரர் இரண்டு சாதா ஹெட்போன்களை எடுத்தார். ஒன்றுக்கு அவர் அளவு, இன்னொன்றுக்கு அவள் அளவு. எது யாருடையது என்று இரண்டு முறை சரிபார்த்துவிட்டுக் கொடுத்தார். கண்டக்டரம்மா சுவரோர நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் தட்டை ஓடவிட்டார்.

அரை நிமிடம் ஆகியிருக்காது. அவள் கண்ணைத் திறக்காமலே, நெரிசல் பஸ்ஸின் பின்கோடிக்குக் கேட்கிற குரலில் கத்தினாள்: "ஏங்க! பெட்டியைக் குறைங்க! பக்கத்துல டாக்டரம்மா இருக்காங்க!"

பெட்டிகள் ஐந்தும் வீட்டுப் பரணில் கிடந்தன. சலூன்காரருக்கு அவள் கத்தினதே கேட்கவில்லை. அவர் குழலில் இருந்தார்.

ஷட்டரைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மா வாசலில் வந்து நின்றாள். "அக்கா, மெதுவா! உள்ள ஒரு பெரியவருக்கு டெஸ்ட் நடக்குது. சத்தம் கேட்டா பட்டனை அமுக்கச் சொல்லியிருந்தேன். நீங்க கத்தினதும் அமுக்கிட்டார்."

கண்டக்டரம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். டாக்டரம்மாவின் வாய் அசைவது தெரிந்தது. சொன்னது ஒன்றும் காதில் ஏறவில்லை. அந்தப் பெரிய வயலின்காரர் மூச்சை இழுக்கிற இடம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் உதட்டின் மேல் விரலை வைத்து, டாக்டரம்மாவைக் கொஞ்சம் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னாள்.